மதிலுக்கு வைத்த கல்

ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று எழுதி ஓர் இடைக்காலப் பதில் அனுப்ப வேண்டும். இது நோர்வேயின் நிர்வாகச் சட்டம். ஓய்வு பெறும்வரை நான் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தேன். அந்த இடைக்காலப் பதில்களை அடுக்கடுக்காக அனுப்பியிருக்கிறேன். "வேலைப்பளு காரணமாக" என்று தொடங்கும். வேலைப்பளு என்றால் பெரும்பாலும் யாரோ விடுமுறையில் இருக்கிறார் என்று பொருள். ஆனாலும் அது நல்ல விதி. காத்திருப்பவனுக்குத் தான் காத்திருப்பது மற்றவருக்குத் தெரியும் என்ற ஆறுதலையாவது கொடுக்கும்.

நான் எழுதப்போகிற பெண்மணிக்கு இந்த ஆறுதல் எப்போதுமே தேவைப்பட்டதில்லை. பதிலுக்குக் காத்திருப்பது அவருடைய வழக்கத்தில் இல்லை. "அண்ணை, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும்போது கோப்பை கையில் இருக்கும், சீனியும் போட்டிருக்கும். எனக்குச் சீனி ஆகாது என்று எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பதுதான் என் வாதம். "கேட்டனான்தானே" என்பது அவருடைய வாதம்.

பெயரைப் போடவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டு அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்காதவர், தான் பதில் அனுப்புவதிலும் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன்.

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் ஒரே மாடிக்கட்டடத்தில் இருந்தோம். அவர் கட்டுமானப் பொறியியலாளர். குரல் பெரியது, கைப்பை அதைவிடப் பெரியது. அதற்குள் ஓர் அளவுநாடாவும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மிக்சரும் எப்போதும் இருக்கும். ஒருமுறை வாசற்படி உறைந்து வழுக்குகிறது, கைபிடி வேண்டும் என்று குடியிருப்பு நிர்வாகசபைக்குக் கடிதம் எழுதினார். திங்கட்கிழமை எழுதினார், சனிக்கிழமை துளைபோடும் இயந்திரத்தோடு வாசலில் நின்றார்.

"பிள்ளை, வெளிச்சுவரிலை துளை போடுறதுக்கு நிர்வாகசபையின்ரை எழுத்துமூல அனுமதி வேணும்" என்றேன்.

"ஓம் அண்ணை, கேட்டிருக்கிறன். இந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடியுங்கோ."

பிடித்தேன். விதியை எடுத்துச் சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்த ஒரே அதிகாரி இந்த நாட்டில் நானாகத்தான் இருக்கும். வசந்தகாலத்தில் நிர்வாகசபையின் பதில் வந்தது: கைபிடி அமைப்பது பற்றி மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்கப்படும். அந்தக் கடிதத்தை அவர் கைபிடியிலேயே ஒட்டிவைத்தார்.

இந்தப் பழக்கம் நோர்வேயின் வடகோடியில் தொடங்கியது. அகதியாக வந்து, ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், அந்த ஊர்ப் பாடசாலையில் பெரியவர்களுக்கான கணித வகுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். பதில் இல்லை. வேலை முடிந்து மீன் மணத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஆசிரியர் பெயர்ப் பட்டியலில் தேடினார், இல்லை. "நீங்கள் தேடுங்கோ, நான் கணக்கைச் செய்யிறன்" என்றாராம். இடமில்லை என்ற கடிதம் வந்தபோது அவர் சோதனை எழுதிச் சித்தியடைந்திருந்தார். இந்தக் கதையை அவர் பல தடவை சொல்வார், ஒவ்வொரு தடவையும் மதிப்பெண் கொஞ்சம் கூடும்.

நேபாளத்தில் நிலம் நடுங்கியபோது, எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு நேபாளக் குடும்பம் இருந்தது. கணவர் பேருந்து ஓட்டுநர். அவருடைய மனைவியின் ஊர் மலைச்சரிவில் இருந்தது, அநேகமாக எல்லா வீடுகளும் விழுந்துவிட்டன. மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து தொலைபேசியைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். எங்கள் பொறியியலாளர் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் மேலே ஏறி இறங்குவதற்குள், எங்கள் தமிழ்ச் சங்கம் அந்த ஊரைக் கட்டிக்கொடுக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சங்கத்தைக் கேட்கவில்லை. பிறகு கேட்டார், சங்கமும் மறுக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் எங்கள் ஊரில் வீடு கட்டிக்கொடுத்த அனுபவம் சங்கத்துக்கு இருந்தது. மீள்கட்டமைப்புக்கு உதவும் ஒரு நிதியத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். எழுதியவன் நான், ஆகவே பணம் கிடைத்தது. இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம், நிதியம் பாராட்டி எழுதிய வரி கோப்பில் இருக்கிறது.

வேலை இரண்டு கட்டம். முதலில் பாதி வீடுகள். அது திட்டப்படி முடிந்தால், தகரக் கொட்டிலில் இருக்கும் மற்றப் பாதிக் குடும்பங்களுக்கும் வீடு.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டையும் சுற்றி ஒரு கல்மதில் இருந்தது.

சங்கத் தலைவர்தான் அதில் உறுதியாக நின்றார். "மதில் இல்லாத வீட்டை ஆர் வீடெண்டு சொல்லுறது? நாளைக்கு எல்லைப் பிரச்சினை வந்தா நாங்களோ போய்த் தீர்க்கிறது?"

யாழ்ப்பாணத்தில் ஒரு முழம் வேலிக்காகத் தலைமுறையாக வழக்காடிய குடும்பம் அவருடையது. வழக்கு இன்னும் முடியவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஒளி வரும்.

"சண்டையளை ஊரிலை விட்டிட்டு வந்தனியள் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் இவர். "சூட்கேசுக்குள்ளை வைச்சுக் கொண்டு வந்திருக்கிறியள்."

"தங்கச்சி, நீர் இஞ்சினியர். உமக்குச் சுவர் தெரியும். எனக்கு மனிசரைத் தெரியும்."

கூட்டம் தலைவர் பக்கம் கை உயர்த்தியது. மதில் வரைபடத்தில் ஏறியது, நிதியம் ஒப்புதல் கொடுத்தது, கல்லுக்கும் சீமெந்துக்கும் ஏற்பாடாயிற்று. அங்கீகரித்த திட்டத்திலிருந்து விலகுவதானால் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும், கேட்காமல் விலகினால் கட்டியதை இடிக்கவும் உதவியைத் திருப்பித் தரவும் நிதியம் கோரலாம். இந்த நிபந்தனையை நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் அப்போது மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சம்பளமில்லாத விடுமுறை எடுத்து, வேலையை மேற்பார்வை செய்ய அவர்தான் போனார். முதற்கட்ட வீடுகள் எழும்பின. மலைக் கிராமத்துக்கு ஏற்றவை: தாழ்வான கல்வீடு, சுவருக்குள்ளே கிடையாகச் செல்லும் மரப்பட்டிகள், பாரமில்லாத கூரை. அடுத்து மதில். சுண்ணாம்புத் தூளால் எல்லைக்கோடு போட்டபோது ஊர்ப் பெண்கள் கூடிநின்று சிரித்தார்களாம். அந்த ஊரில் நாலைந்து வீட்டுக்கு ஒரே முற்றம். தானியம் காய்வதும் ஆடு கட்டுவதும் கல்யாணம் நடப்பதும் அங்கேதான். ஒருத்தி கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்துக் காட்டி, "இது ஆட்டை மறிக்கவா, என்னை மறிக்கவா?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று மாலை எனக்குத் தொலைபேசி வந்தது.

"அண்ணை, மதில் இவைக்கு வேண்டாமாம். சூளைதான் வேணுமாம்."

அந்த ஊர் உண்டு உடுப்பது கறுப்பு ஏலக்காயில். நாங்கள் பாயாசத்தில் போடும் பச்சை ஏலக்காய் அல்ல, பெருவிரல் அளவில், புகை மணத்தோடு இருப்பது. பறித்தவுடன் சூளையில் காயவைக்க வேண்டும்: கல் அறைக்குக் கீழே நெருப்பு, மேலே மூங்கில் தட்டியில் காய். காயவைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். நடுக்கத்தில் சூளைகள் எல்லாம் விழுந்துவிட்டன. போன வருடக் காயைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டார்கள். இந்த வருடமும் விட்டால் ஆண்கள் எல்லோரும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், புதிய வீடுகளில் இருக்க ஆட்கள் இருக்கமாட்டார்கள்.

"மதிலுக்கு வைச்ச கல்லிலை ஊருக்குப் பொதுவா ஒரு பெரிய சூளை கட்டலாம். நீங்கள் நிதியத்துக்கு எழுதுங்கோ."

"எழுதுறன். காரணம், புது வரைபடம், ஊராக்களின்ரை சம்மதம் எல்லாம் அனுப்புங்கோ. எப்ப தொடங்க யோசிக்கிறியள்?"

"அத்திவாரம் வெட்டியாச்சு."

பின்னால் யாரோ கல் உடைக்கும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, இதுக்கு என்ன அர்த்தம் எண்டு தெரியுமோ? அவங்கள் மறுத்தா, மற்றப் பாதிச் சனத்துக்கு வீடில்லை. தகரத்துக்குள்ளைதான் இன்னொரு பனிக்காலம்."

"தெரியும் அண்ணை. சூளை இல்லாட்டி வீடு இருந்தும் சனம் இல்லை. பதில் வரேக்கை வரட்டும். காய் பழுக்கிறதை நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இல்லை."

தலைவர் என்னிடம் ஒரு வழி சொன்னார்: இன்னும் தொடங்கவில்லை என்று எழுதிவிடுங்கள், யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? நான் மறுத்தேன். விதிகளை அறியாதவர்கள்தான் பொய் எழுதுவார்கள். நிதியத்தின் வழிகாட்டியில், எல்லோரும் புரட்டாமல் விடும் கடைசிப் பகுதியில், ஓர் உட்பிரிவு இருக்கிறது: தாமதத்தால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வரும் என்றால் வேலையைத் தொடங்கலாம், உடனடியாக அறிவிக்க வேண்டும், இறுதி முடிவு நிதியத்துடையது. அறுவடை அழுகுவதைவிட ஈடுசெய்ய முடியாத இழப்பு எது? அன்றே எழுதினேன். தொடங்கிவிட்டோம் என்றே எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களில் அதுவே மிக நேர்த்தியானது.

இடைக்காலப் பதிலும் வரவில்லை.

அவருடைய அவசரம் எப்போதும் சரியாகத்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த முதல் அத்திவாரம் வெட்டிய இடத்தைப் பற்றிப் பேருந்து ஓட்டுநர் எனக்குச் சொன்னார். எங்களுக்குள் நோர்வே மொழிதான். அந்தத் துண்டு நிலம் அவருடைய மனைவியின் சித்தப்பா குடும்பத்துக்குச் சொந்தம். சூளைக்குத் தருவீர்களா என்று இவர் கேட்டபோது, "கட்டாரில் இருக்கும் அண்ணனைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள். இவர் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தார். அண்ணன் தொலைபேசி எடுக்கவில்லை. வெட்டத் தொடங்கிவிட்டார். யாரும் தடுக்கவில்லை. வந்த விருந்தாளியை, அதுவும் வீடு கட்டிக்கொடுப்பவரை, எப்படித் தடுப்பது? மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண்கள் வெட்டிய குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுக்கத்தில் வீடு இடிந்து அவர்களின் தாய் இறந்து கிடந்த இடம் அது.

"அண்ணனைக் கேட்க வேண்டும் என்றால், வேண்டாம் என்று பொருள்" என்றார் ஓட்டுநர். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் என்னிடம் கேட்கவில்லையே."

குழியை இவரே மண்வெட்டி எடுத்து மூடினார். உதவிக்கு வந்தவர்களை விடவில்லை. சூளையைச் சரிவின் மேற்பக்கம் கொண்டுபோனார். கல்லை மறுபடி சுமக்க வேண்டியிருந்தது, ஊர் முழுக்கச் சுமந்தது. அந்த ஊரில் இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று முறைவைத்து வேலை செய்யும் வழக்கம் இருக்கிறது. "எங்கடை டுக்னாட் மாதிரித்தான், ஆனா கடைசியிலை சொசேஜ் இல்லை" என்று எனக்கு எழுதினார். வசந்தகாலத்தில் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கூடி முற்றம் துப்புரவாக்கும் நாளைத்தான் டுக்னாட் என்போம். குழியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

திரும்பி வந்ததும் சங்கக் கூட்டம். அவருடைய குளிர்ச்சட்டையிலிருந்து அடித்த புகை மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. தலைவர் எழும்பினார்.

"நிதியம் திருப்பிக் கேட்டா ஆர் பொறுப்பு? நாங்கள் மதிலுக்கெண்டுதானே கை உயர்த்தினனாங்கள்?"

"மதில் கட்டினனான்தானே அண்ணை. நாலு மதில். மேலை ஒரு கூரை, கீழை நெருப்பு."

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "உமக்கு எல்லாம் பகிடி. ஒருத்தரையும் கேக்கிறேல்லை. கேட்டாலும் நிண்டு கேக்கிறேல்லை."

வழக்கமாக இதற்கு அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று கைப்பையைத் திறந்து மூடினார். "அது உண்மை. ஒரு இடத்திலை நிண்டு கேட்டிருக்க வேணும்" என்றார். எந்த இடம் என்று தலைவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். கறுப்பு ஏலக்காய், புதுச் சூளையில் காய்ந்த முதல் காய். தலைவர் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். "உது இறைச்சிக் கறிக்கு நல்லாயிருக்கும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். அவர் நாலைந்தைச் சட்டைப்பைக்குள் போட்டதைக் கூட்டக் குறிப்பில் நான் சேர்க்கவில்லை.

நான் நிதியத்துக்கு நினைவூட்டல் அனுப்பினேன். மறுபடியும் அனுப்பினேன். தொலைபேசியில் கேட்டபோது, எங்கள் விடயத்தைப் பார்ப்பவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார் என்றார்கள். அடுத்த முறை, புதியவர் பயிற்சியில் இருக்கிறார். இந்தப் பதில்களை எல்லாம் நானே என் காலத்தில் சொல்லியிருப்பதால், சொல்கிறவரின் குரலை வைத்தே கோப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது. கீழ்த்தட்டில் இருந்தது.

அங்கே மலையில் காய் காய்ந்தது, விற்றது. ஆண்களில் சிலர் வளைகுடாவுக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். இரண்டாம் கட்டத்தை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள், எதிர்பார்ப்பதை ஒரு நாள் நிறுத்திவிட்டன. ஏலக்காய் விற்றதில் கூரைத் தகடு வாங்கினார்கள், பழைய வீடுகளின் கல்லைப் பொறுக்கினார்கள், முதற்கட்ட வீடுகளைப் பார்த்துப் பார்த்துச் சுவருக்குள் மரப்பட்டி வைத்து, முறைவைத்து ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். சந்தேகம் வந்த இடமெல்லாம் இவருக்குக் காணொளியில் காட்டினார்கள். எல்லிங்ஸ்ருட்டில் இருந்துகொண்டு, "உந்த மூலையிலை கல்லைக் குறுக்கை போடுங்கோ, குறுக்கை!" என்று தமிழில் கத்திவிட்டு நோர்வே மொழியில் திரும்பச் சொல்வார். ஓட்டுநரின் மனைவி பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பார். மொழிபெயர்க்க முன்னரே அங்கே கல்லைத் திருப்பிவிடுவார்கள் என்று கேள்வி.

எல்லாம் நன்றாக நடந்தது என்றுதான் ஊர் நினைத்தது. எனக்கு அப்படி இல்லை. பதில் வராத கோப்பு மூடிய கோப்பு ஆகாது. நிதியம் எந்த நாளும் மறுக்கலாம். மறுத்தால் சூளை சட்டப்படி இடிக்க வேண்டிய ஒன்று. இதை அவரிடம் ஒருமுறை படிக்கட்டில் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் இருக்கிறியள்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவருக்கு இதில் கவலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறைக்கு முன் மேசையைத் துடைக்கும் நாட்களில்தான் எங்கள் துறையில் பதில்கள் பிறக்கும். நிதியத்தின் கடிதமும் அப்போதுதான் வந்தது. நின்றபடியே வாசித்து முடித்து, அவருடைய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, நிதியம் பதில் போட்டிருக்கு."

அவர் எப்போதும் என் வசனத்தை முடிக்க விடமாட்டார். இந்த முறை நான் மேலும் சொல்வதற்காக நின்றார்.

"விலகலுக்கு அனுமதி. சூளை பொதுச் சொத்தா இருக்கலாம். இரண்டாம் கட்டக் காசையும் விடுவிக்கினம். ஒரு நிபந்தனை இருக்கு: இந்தக் கடிதம் கிடைக்க முதல் வேலை தொடங்கக் கூடாதாம்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது.

"அப்ப இடிக்கத் தேவையில்லை?"

"தேவையில்லை."

"வடிவாப் பாத்தனீங்களோ அண்ணை?"

"நான் பாத்தா வடிவாத்தான் பாப்பன். நிபந்தனையைப் பற்றி யோசிக்காதேங்கோ. தொடங்கினதை நாங்கள் அண்டைக்கே அறிவிச்சிட்டம், அது கோப்பிலை இருக்கு. சனம் வீட்டைத் தாங்களே கட்டிட்டினம், அதாலை விடுவிக்கிற காசை வேறை தேவைக்கு மாத்த ஒரு விண்ணப்பம் எழுதவேணும்."

"கீழ்த்தோட்டத்துச் சனம் தங்களுக்கும் ஒரு சூளை கேக்கினம். எழுதுங்கோ. இந்தமுறை நான் தொடங்கேல்லை. பதில் வரட்டும்."

கடிதத்தை உறைக்குள் வைக்கப்போனேன். அவர் இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.

"அண்ணை, கடிதத்திலை என்ன திகதி போட்டிருக்கு? எத்தினை நாள் காத்திருந்தனான் எண்டு எண்ணிப் பாக்கவேணும்."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒரு கடிதத்தின் திகதியைக் கேட்டதில்லை. மறுபடி விரித்து, வலப்பக்க மேல்மூலையைப் பார்த்துச் சொன்னேன்: யூன் இருபத்திரண்டு.